ரேடியேட்டர் இல்லாத கார்

கவலைப்படுவதில் நான் தேர்ந்தவன். படிப்பில் அந்த அளவுக்குத் தேறவில்லை. பரீட்சை என்றாலே பயம். அதனால் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பரீட்சையே வைக்காத இடமாகப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தேன். படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. இன்று அதே மாதிரி ஒரு கடை எனக்குச் சொந்தமாகப் பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவில், இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சாமி படம், கல்யாணப் படம், மற்றவர்கள் படித்து வாங்கிய பட்டம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். கடையை மூடியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சாலையைக் கடந்து போய், திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். எதிர் நகைக்கடைக் காவலாளி ஒரு நாள், "அண்ணே, பூட்டு கையோட வந்துரப் போவுது லா" என்றார். அன்று முதல் அவர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து இழுக்கிறேன்.

இப்படிப்பட்டவன் எந்த மாதிரி கார் வாங்க வேண்டும் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். புதுக் காராக இருக்க வேண்டும். ஏதாவது ஆனால் கம்பெனிக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் வாங்கியதோ கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்பீர்கள், அந்தப் பேச்சு எனக்கு ஆகாது.

கார் என்னிடம் வந்தது இப்படித்தான். புலாவ் திக்குஸ் பக்கத்திலிருந்து ஒரு பல் டாக்டர் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தார். கையில் ஒரு படம். படத்தில் அவரே இளைஞராக நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மூக்கைத் தாழ்த்தித் தவளை மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு பச்சை நிறக் கார்.

"நல்ல மரச்சட்டமாப் போடும் தம்பி. இனி இந்தப் படந்தான் மிச்சம்" என்றார்.

"ஏன் டாக்டர், காருக்கு என்ன ஆச்சு?"

"காருக்கு ஒண்டுமில்லை. என்ரை முழங்காலுக்குத்தான். கிளட்சை மிதிக்க ஏலாமல் கிடக்கு. விக்கப்போறன்."

நான் படத்தை அளவெடுத்தேன். அளவைக் குறித்துக்கொண்டேன். குறித்ததை மறந்துவிட்டு மறுபடி அளவெடுத்தேன். அந்தக் காரின் பின்பக்கம் சரிந்து இறங்கும் வளைவு ஒரு மாதிரி இருந்தது. இத்தனை வருடம் நேர்க்கோட்டில் மரம் அறுத்தவன் நான். மூலைக்கு மூலை நாற்பத்தைந்து பாகையில் வெட்டித்தான் பழக்கம். அந்த வளைவுக்கு யாராலும் சட்டம் போட முடியாது என்று தோன்றியது. தோன்றியதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. "யாருக்கு விக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ஏன், உமக்கு வேணுமோ?"

இல்லை என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். கடைக்குப் பின்னால் இன்னோர் அறை கட்டலாம் என்று சேர்த்துவைத்திருந்த பணம், அடுத்த மாதமே அவர் வீட்டு முன்வாசலில் கை மாறியது. படத்தையும் நானே கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். வெளியே வரும்போது, "பயப்படாதையும், அது கடிக்காது" என்றார். நாற்பது வருடம் பல் பிடுங்கியவர். பயந்தவன் முகம் அவருக்குத் தெரியாதா.

இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். தண்ணீரால் குளிர்வது கிடையாது, காற்றால்தான். ரேடியேட்டர் என்று ஒன்றே இல்லை. பின் மூடியில் சன்னல் கம்பி மாதிரி வரிவரியாக ஒரு திறப்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் விசிறி அந்த வழியாகக் காற்றை இழுத்து எஞ்சின் மேல் அடிக்கும். எண்ணெய் ஓடி மீதிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று காட்ட முன்னால் ஒரு முள் இருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்பதுதான் என் கவலை. பினாங்கு வெயிலில் மனிதனுக்கே காற்று போதவில்லை.

மனைவி முதல் நாள் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். முன் மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரு மாற்றுச் சக்கரம் படுத்திருந்தது.

"எஞ்சின் எங்க?"

"பின்னால."

"தண்ணி எங்க ஊத்துவீங்க?"

"தண்ணி கெடையாது. காத்துதான்."

மூடியைச் சாத்தினாள். "நல்லா கேட்டுத்தான வாங்குனீங்க? பாதி காரக் குடுத்து அனுப்பிட்டாரு போல டாக்டரு" என்றாள்.

அதற்கப்புறம் எண்ணெய். மற்றக் கார்களில் எஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் அளவு பார்ப்பார்கள். இதில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு முன்புறம் சரிவு. அதனால் சமதளம் தேடி ஊர் சுற்றுவேன். பெட்ரோல் நிலையம், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வெளி, கோயில் வாசல் என்று எங்கே தரை மட்டமாகத் தெரிந்தாலும் இறங்கி, காருக்குப் பின்னால் குந்தி, குச்சியை இழுத்து, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கோயில் வாசலில் இப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டியம்மா என் முன்னால் சில்லறை போட்டுவிட்டுப் போனார். எழுந்து விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்டியலில் போட்டுவிட்டேன்.

எண்ணெய் அளவு எப்போதும் சரியாகவே இருந்தது. சத்தங்கள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. இந்த மாதிரி காருக்கு இயல்பிலேயே தையல் இயந்திரம் மாதிரி ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தத்துக்குள் எனக்கு வேறு சத்தங்கள் கேட்கும். டக் என்று ஒன்று. கீச் என்று ஒன்று. கேட்டதும் ஓரங்கட்டிவிடுவேன். இறங்கிப் போய்ப் பின் மூடியைத் திறப்பேன். திறந்து என்ன பார்க்கிறேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. மூடிவிட்டு வருவேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு மெக்கானிக் பிடித்திருந்தேன். நம்ம ஆள், என்னைவிட இளையவர், கை எப்போதும் கறுப்பு, வாய் அதைவிடக் கறுப்பு. ஒரு நாள் திருப்பத்தில் மட்டும் கேட்கும் ஒரு சத்தத்தோடு போனேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாலைச் சாலையாகத் திருப்பிக் காட்டினேன்.

"கேக்குதா? இப்ப, இப்ப."

"கேக்குதுண்ணே. நிறுத்துங்க." அவர் என் இருக்கைக்கு அடியில் கையை விட்டார். தைலப் புட்டி ஒன்று உருண்டு வந்தது. தலைவலிக்கு நான் வைத்திருந்தது. "இந்தக் காருக்கு ஒரு கோளாறும் இல்ல. தைலத்த நீங்க தேச்சுக்குங்க" என்றார்.

வால்வு இடைவெளி சரி பார்க்க, எண்ணெய் மாற்ற, விசிறி பெல்ட்டை இறுக்க என்று உண்மையான வேலைகளுக்கும் அவரிடம்தான் போவேன். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். போல்ட்டை முறுக்கி முடித்ததும், "இன்னொரு தடவ முறுக்கிப் பாத்துருங்களேன்" என்பேன். "அண்ணே, கடையில எனக்குக் கணக்கில்லாம வேல கெடக்கு. ஒங்களுக்கு வேணும்னா சாப்பாட்டுக் கடையில போய் ஒக்காருங்க, வேற யாருக்காச்சும் கவலப்பட்டுட்டு வாங்க" என்பார். போய் உட்காருவேன். அவருக்காகவே கவலைப்படுவேன். ஜாக்கி நழுவி அவர் மேல் கார் விழுந்துவிட்டால்?

இதெல்லாம் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணம். மனைவி பட்டுப்புடவை, நான் வேட்டி. வீட்டிலிருந்து அரை மணிக்கும் குறைந்த தூரம்தான். கீச் என்றது, நிறுத்தினேன். டக் என்றது, நிறுத்தினேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஹார்ன் அடித்தார், எதையோ சுட்டிக்காட்டுகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். அவர் காரைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து வாழையிலைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். மோர் மட்டும் கிடைத்தது.

அடுத்த வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலிலிருந்து அவளுடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். என் சகலை பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய உள்ளூர்க் காருக்கு எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறொன்றும் அவர் செய்ததில்லை, அதையும் மறந்துவிடுவார், அந்தக் கார் கோபித்துக்கொண்டதுமில்லை. மோர் கதையைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏன் தம்பி இந்தக் கொடும? என்னோட பழைய சூப்பர்வைசரு பிறையிலதான் இருக்காரு. இந்த மாதிரி காருக்கு அலையிறாரு. ஒரு ஃபோன் அடிச்சா நாளைக்கே வந்து எடுத்துக்குவாரு."

"வித்துருங்க" என்றாள் மனைவி.

"அது நின்னு போற கார் இல்ல" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். கார் ஒரு நாளும் நிக்கல. நீங்கதான் நிக்கிறீங்க."

நான் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவளே மேலே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து நிபோங் திபால் வரைக்கும் வழியில் ஓர் இடத்திலும் நிறுத்தாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் கார் இருக்கட்டும், அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள். ஓர் இடத்தில் நிறுத்தினாலும் அக்கா வீட்டு வாசலிலிருந்தே சூப்பர்வைசருக்கு ஃபோன்.

"சிவப்பு விளக்கு?" என்று கேட்டேன்.

"செவப்பு வெளக்குல நிக்கலாம் தம்பி" என்றார் சகலை பெருந்தன்மையாக.

அந்த வாரம் முழுக்கக் கடையில் என் வெட்டெல்லாம் கோணலாகப் போனது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரைத் தீவுக்கு வெளியே நான் ஓட்டியதில்லை. நிபோங் திபாலுக்கு இரண்டாம் பாலம்தான் நேர்வழி. ஆனால் அது கடல் மேல் போய்க்கொண்டே இருக்கும், அதை நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்கும். பழைய பாலத்தில் போய்ப் பிறையில் இறங்கிச் சுற்றிப் போவது என்று தீர்மானித்தேன். கடல் மேல் இருக்கும் நேரம் குறைவு.

சனிக்கிழமை மனைவி ஒன்று சொன்னாள். இத்தனை மாதமாகியும் காருக்குப் பூஜை போடவில்லை. கண்ட சத்தமும் கேட்பது அதனால்தான். அவள் காரை விற்கச் சொல்கிறவள், அதற்குப் பூஜையும் போடுகிறவள். இரண்டும் அவளுக்கு ஒன்றையொன்று இடிக்கவில்லை. ஞாயிறு காலையில் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து அப்படியே பாலம்.

குருக்கள் தாம்பாளத்தோடு வந்தார். காருக்கு முன்னால் நின்று மந்திரம் சொன்னார். "எஞ்சின் மூடியத் தெறங்கோ" என்றார். நான் திறக்கவில்லை, தயங்கினேன். அவர் நின்ற பக்கத்து மூடியை மனைவி திறந்தாள். குருக்கள் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு குனிந்தவர், மாற்றுச் சக்கரத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன இது, ஒண்ணுமே இல்ல?"

"எஞ்சின் பின்னால சாமி" என்றாள்.

"பின்னாலயா? அத மொதல்லயே சொல்லப்படாதா?" தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். போகிற போக்கில், வீணாக வேண்டாமென்று, மாற்றுச் சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

நான் அப்போது நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைக்கும் எலுமிச்சம்பழங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஏறி நசுக்கும்போது கிளட்ச் வழுக்கி, கார் பாய்ந்து, கொடிமரத்தில் மோதிவிட்டால்? இந்த யோசனையில் இருந்தவனிடம் மனைவி மாலையை நீட்டினாள். தடித்த செவ்வந்தி மாலை, நடுவில் மல்லிகை.

"எல்லாரும் முன்னால போடுவாங்க. நம்ம காருக்கு எஞ்சின் பின்னால, அப்ப அங்கதான் போடணும். இல்லையா சாமி?"

குருக்கள் அதற்குள் எதற்கும் தயாராகியிருந்தார். "எங்க எஞ்சின் இருக்கோ அங்க போடுங்கோ" என்றார்.

பின் மூடி சரிவானது, மாலை நிற்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கண்முன் ஒரு காட்சி வந்தது. பாலத்தில் போகும்போது மாலை கழன்று பறந்து, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் போய் ஒட்டுகிறது. அவர் கண் தெரியாமல் கடலில் விழுகிறார். போலீஸ் வருகிறது. சட்டைப்பையில் படம் மாட்டும் கம்பிச்சுருள் கிடந்தது. எடுத்து, மாலையை அந்த வரிவரித் திறப்பின் மேலேயே மடித்து வைத்து, மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, ஓரங்களிலும் கட்டு என்று முறுக்கினேன். கடையில் பெரிய ரவிவர்மா படங்களைக்கூட அவ்வளவு உறுதியாக மாட்டியதில்லை. இழுத்துப் பார்த்தேன். காவலாளி இல்லாததால் நிறைவாகவே இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கொடிமரம் தப்பியது. கிளம்பினோம்.

பாலத்தின் ஏற்றம் வரைக்கும் நான் நன்றாகவே ஓட்டினேன். கீச் என்று ஒன்று கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். டக் என்றது, மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் நேராகப் பார்த்தேன். கடல் காற்று அடித்தது. பூ வாசனை உள்ளே வந்தது. பூஜை அறையில் சாம்பிராணி போட்ட மாதிரி கனமான வாசனை.

"சாமி வாசன வருது பாருங்க. நல்ல சகுனம்" என்றாள்.

அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். வழக்கமாக நிற்கும் இடத்தில் அது இல்லை. அதைத் தாண்டி மேலே நின்றது. வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் மேலே.

"முள்ளு ஏறுது" என்றேன்.

"ஏறுறதுக்குத்தான வெச்சிருக்கான்."

"இல்ல, நெசமாவே ஏறுது."

"ஆயர் ஈத்தாம் போறப்பவும் நெசமாவேதான் சத்தம் கேட்டுச்சு."

அவளைக் குறை சொல்ல முடியாது. இத்தனை மாதமாக ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்தியவன் நான். ஒன்றுகூட உண்மையாக இருந்ததில்லை. இப்போது உண்மையாகவே ஒன்று வந்து நிற்கிறது, அதை நம்ப எனக்கே கூச்சமாக இருந்தது. நிறுத்தினால் கார் போய்விடும். நிறுத்தாவிட்டால் எஞ்சின் போய்விடும். ஒருவேளை முள் பழுதாக இருக்கலாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் பழுதாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். வேண்டிய சாமியின் வாசனை இன்னும் கனமாக வந்தது. இப்போது அதில் கொஞ்சம் கருகலும் கலந்திருந்தது.

பாலம் முடிந்தது. பிறையில் இறங்கும் சாலையோரம் ஒரு மரத்தடியில் லோரிகள் வரிசையாக நின்றன, பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கும்போதே என் கை சிக்னல் போட்டுவிட்டது. அத்தனை மாதப் பழக்கம்.

நிறுத்தி, அணைத்தேன். பின்னாலிருந்து டிக் டிக் என்று சூட்டில் சுருங்கும் சத்தம்.

"நிறுத்திட்டீங்க" என்றாள் மனைவி.

"ஆமா."

"கார் போச்சு, தெரியும்ல."

"தெரியும். எஞ்சினாவது நல்லா இருக்கட்டும். வாங்குறவரு பாவம்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இறங்கிப் பின்னால் போனேன். மரத்தடியிலிருந்து ஒரு லோரி டிரைவர் கையில் தண்ணீர்ப் புட்டியோடு எழுந்து வந்தார். நம்ம ஆள்தான், கழுத்தில் துண்டு.

"சூடாயிருச்சாண்ணே? ரேடியேட்டரத் தொறங்க, நான் ஊத்துறேன்."

"இதுல ரேடியேட்டர் இல்லீங்க."

"இல்லையா? களவாண்டுட்டானுங்களா?"

"இல்ல, கம்பெனியே வெக்கல."

அவர் புட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டார். "இது என்னண்ணே, மூக்கக் கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார்.

மாலை கம்பிகளுக்கு அடியில் அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் மூச்சு விடுவது அந்த ஒரு வழியாகத்தான். அதன் மேல் ஒரு முழு மாலையை வைத்து, படம் மாட்டும் கம்பியால் இறுக்கிக் கட்டியது நான். ஒரு மோட்டார் சைக்கிள்காரரைக் கடலிலிருந்து காப்பாற்றுவதற்காக.

கம்பியை அவிழ்ப்பது கட்டியதைவிட நேரம் எடுத்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சூடு பொறுத்து அவிழ்த்தேன். மாலையைத் தூக்கினால் பாதி மாலைதான் கையில் வந்தது. மூடியைத் திறந்தேன். மீதிப் பாதி உள்ளே இருந்தது. விசிறிக் கூண்டில், குழாய்களுக்கு இடையில், சூட்டை ஆற்றும் தகடுகளுக்கு நடுவில், எங்கே பார்த்தாலும் மஞ்சள் இதழ்கள். சில வதங்கி, சில பொரிந்து.

லோரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "அலாமாக். உள்ளுக்குள்ள கல்யாணம் நடந்திருக்கு போலயே" என்றார். அவருடைய கூட்டாளிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கும்பிட்டார்.

மனைவி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் வாங்கிய மாலை, அவள் சொன்ன இடம். நான் அதைச் சொல்லியிருக்கலாம். கட்டியவன் நான் என்பதால் வாய் வரவில்லை.

"ஒங்க வெரலு போவாது" என்றாள். "நகருங்க."

தேநீர்க் கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கி விரித்து, புடவையைச் சொருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் குந்தினாள். சூடு தணியக் காத்திருந்து, கொண்டை ஊசியை உருவி, விசிறிக் கூண்டுக்குள் விட்டு ஒவ்வோர் இதழாக இழுத்தாள். கீரை ஆய்கிற மாதிரி. நான் என் ஃபோன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் காட்டுங்க. கைய ஆட்டாதீங்க."

"ஆட்டல."

"நடுங்குது."

"பயத்துல நடுங்குது, நான் ஆட்டல."

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, முகம் உள்ளே இருந்தது. ஓர் இடத்தில் ஊசி சுட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன் விடு" என்றேன். "நீங்க பாத்ததுதான் தெரியுதே" என்றாள். முடித்துவிட்டு எழுந்து, மறுபடி குனிந்து, ஏற்கெனவே பார்த்த மூலையில் விளக்கைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

கிளப்பினேன். தையல் இயந்திரச் சத்தம் சுத்தமாக வந்தது. லோரிக்காரர்கள் கை காட்டினார்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் முள் மெதுவாக இறங்கி வழக்கமான இடத்தில் வந்து நின்றது. நான் பார்க்கும்போதெல்லாம் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் கார் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வந்தன. சூப்பர்வைசர் நல்லவரா, காரை மழையில் நிறுத்துவாரா, சூடேற்றித்தான் எண்ணெய் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

சகலை வாசல் கேட்டிலேயே நின்றிருந்தார், கையில் ஃபோன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டிருந்தது. உள்ளே அக்கா பாத்திரங்களை மறுபடி சூடுபண்ணும் சத்தம் கேட்டது.

"எத்தன எடத்துல நின்னீங்க தம்பி? நேர்மையா சொல்லணும்."

நான் சொல்லத்தான் போனேன். அதற்குள் மனைவி கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்கயும் நிக்கல மாமா. பாலத்துல ஜேம்."

"ஞாயித்துக்கெழம காலையிலயா?"

"ஜேமுக்கு நாள் கெழமையா தெரியும்? நகருங்க மாமா, நான் கை கழுவணும்."

இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். மீன்கடையில் ஐம்பது காசு கூடுதலாகத் தந்துவிட்டான் என்று வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். கொல்லைப்புறக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை. எண்ணெய்க் கறை அப்படி லேசில் போகாது.

சகலை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபோனைத் தடவ ஆரம்பித்தார். பாலத்தில் நெரிசல் இருந்ததா என்று வரைபடத்தில் பார்த்துவிடுவாரோ என்று எனக்கு அடுத்த கவலை வந்தது. இலையில் உட்கார்ந்த பிறகும் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் வரும்போதுதான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டுட்டேன் தம்பி, வேற காரு பாத்துக்கச் சொல்லி. பேச்சுன்னா பேச்சுதான."

மனைவி எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். விரல் நுனிகள் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. கார் இனி எனக்குத்தான். யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். சோற்றைப் பிசைந்தேன், ஆனால் உள்ளே இறங்கவில்லை. சாயங்காலம் அதை மறுபடியும் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே.